நிறுத்தி வைக்கப்பட்ட வாகனம்

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தால் தயாரிப்பாளர்களுக்குச் சந்தோஷம். சினிமாவில் கொஞ்சல், சிணுங்கல், சிரிப்பு எல்லாவற்றையும் இயந்திரக் குரலே பேசிவிடுகிற காலம் வந்து வெகுநாளாகிவிட்டது. ஆத்திரம் மட்டும் அதற்கு வரவில்லை. என்னதான் சொல்லிக் கொடுத்தாலும் பல்வலிக்காரன் முனகுவதுபோலத்தான் கத்தும். அதனால் கதாநாயகி வில்லனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கும் காட்சி வந்தால், "கூப்பிடு சாலிகிராமத்து அக்காவை" என்பார்கள். அக்கா தன் மின் சக்கர நாற்காலியை ஓட்டிக்கொண்டு வருவாள். மைக்குக்கு நேரே நிறுத்துவாள். ஒரே டேக்கில் முடித்துவிட்டுக் கிளம்புவாள்.

ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் தண்டுவடத்தைத் தாக்கி, இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. கைகளிலும் பாதிப் பலம்தான் மிச்சம். கையால் உருட்டுகிற நாற்காலி அவளுக்கு உதவாது, மோட்டார்தான் வேண்டும். அந்த மோட்டாருக்கு இரண்டு பழங்கால பேட்டரிகள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். புதிதில் கோடம்பாக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நாற்காலி, இப்போது வடபழனி சிக்னலிலேயே திணற ஆரம்பித்திருந்தது. மாற்றலாம் என்றால் அந்த வகை பேட்டரியை விற்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

அப்போதுதான் கூட்டு மின் வாரியம் வீட்டுக்கே வந்து பேட்டரியை மாற்றித் தருவதாக அறிவித்தது. தமீம் என்ற பையன் வந்தான். பழைய இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றைப் பொருத்தினான்.

"இது இருந்தா தாம்பரம் போயிட்டுத் திரும்பி வரலாம்க்கா" என்றான்.

"சும்மாவா தாறாங்க? ஏதோ இருக்கணுமே."

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. பகல்ல வெயில் கரண்டு ஏராளமா கிடைக்குது. பொழுது சாஞ்சா ஊருக்கே பத்தாது. அதனால நிறுத்தி வெச்சிருக்குற வண்டிங்க பேட்டரியில இருந்து கொஞ்சம் வாங்கிக்குவாங்க. எல்லாக் கட்டடத்துலயும் தரைக்கு அடியில தகடு பதிச்சிருக்காங்கல்ல, அது வழியாவே எடுத்துக்கும். ஒயரு கியரு எதுவும் வேணாம். விடிஞ்சதும் அதுவே திருப்பி நிரப்பிடும். காரு, ஸ்கூட்டரு, லாரி, எல்லாமே குடுக்குது."

"என் நாற்காலியுமா?"

"நிறுத்தி வெச்சிருந்தா மட்டும்தான்க்கா. ஓடும்போது தொடாது."

நாற்காலி நிறுத்தி வைக்கப்படுவது அவள் படுக்கையில் இருக்கும்போதுதான். எடுத்துக்கொள்ளட்டுமே, ஊருக்குத்தானே போகிறது என்று நினைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில நாட்கள் அவள் தரையிலேயே இல்லை. காலையில் கிளம்பிப் பெசன்ட் நகர் கடற்கரைக்குத் தனியாகப் போனாள். சுண்டல் வாங்கித் தின்றாள். மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் கிண்டி வரை போய்விட்டு வந்தாள். யாரிடமும் "என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்தது அந்தச் சாயங்காலம். பெரிய படம், ஆத்திரமான காட்சி. இயக்குநர் பகலெல்லாம் படப்பிடிப்பில் இருப்பதால் டப்பிங் மாலையில்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஜெரால்டு கட்டைவிரலைக் காட்டினான். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"உன் வீட்டு வாசல்ல வந்து பிச்சை கேட்டேனாடா நான்? என் நிலத்தைத் தின்ன, என் அண்ணனைத் தின்ன, இன்னும் உன் பசி..."

"உங்கள் வாகனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஊருக்கு ஒளி தந்ததற்கு நன்றி" என்றது நாற்காலி, வெல்லப்பாகில் முக்கி எடுத்த குரலில்.

ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, வில்லனுக்கு நன்றி சொல்லிட்டீங்க!"

அவளும் சிரித்தாள். மறுபடி பேசினாள், பேசி முடித்தாள். வெளியே வரலாம் என்று கைப்பிடியை அழுத்தியபோது நாற்காலி அசையவில்லை. விளக்குகள் அணைந்து கிடந்தன. மோட்டார் செத்தால் சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், அது பாதுகாப்புக்காம். ஸ்டுடியோ ஆட்கள் நான்கு பேர் வந்து, அவளோடு சேர்த்து நாற்காலியைத் தூக்கினார்கள். "சாய்க்காதடா, மூலை இடிக்கும்." "அப்படியே திருப்பு, கால் மாட்டிக்கப் போவுது." பீரோவை மாடியிறக்குகிறவர்கள் பேசிக்கொள்வதுபோல அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். ஒருத்தன் தூக்குகிற சாக்கில் எங்கே கை வைக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கத்துவதற்கென்றே பிறந்த தொண்டை அன்றைக்கு ஒரு சத்தமும் எழுப்பாமல் வந்தது. 

தமீமைப் போனில் பிடித்தாள்.

"நான் அதுல உக்காந்திருந்தேன் தம்பி. நிறுத்தி வைக்கல. உக்காந்திருந்தேன்."

"அக்கா... சக்கரம் சுத்தலேன்னா அது நின்ன வண்டிதான். மேல ஆள் இருக்கா, இல்லையான்னு பாக்காது."

"நான் உக்காரத்தான் அந்த நாற்காலி. உக்காந்தா வண்டி நின்னுட்டுதுன்னு அர்த்தமா? அப்ப நான் யாரு? சாமானா?"

"விதி அப்படிக்கா" என்றான் பையன், பாவம். அவன் எழுதிய விதி இல்லையே.

தீர்வு ஒன்றுதான். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கைப்பிடியைத் தட்டி, நாற்காலியை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் ஆடினார்கள், கோர்ட்டில் நீதிபதி முன்னால் ஆடினார்கள். அம்பத்தூர்க்காரி ஒருத்தி இழவு வீட்டில், பிணத்துக்கு எதிரே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே துக்கம் கேட்டதாகச் சொல்லி, போனிலேயே சிரித்து, கடைசியில் அழுதாள்.

செண்பகத்துக்கு அதுவும் முடியாது. மைக் இருக்கும் அறையில் ஊசி விழுந்தாலும் பதிவாகும். நாற்காலி ஒரு சாண் நகர்ந்தால் "ங்ங்" என்று மோட்டார் முனகல் விழும், டேக் போச்சு. ஜெரால்டு நல்ல பிள்ளை. தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அலுமினியத் தகடு போட்டுப் பார்த்தான். நாற்காலியிலிருந்து கரண்டு போகவில்லை. மறுநாளே வாரியத்திலிருந்து செய்தி வந்தது, மின் பதுக்கல் செய்ததாக எச்சரிக்கை. பதுக்கலாம்! ஊரை அடித்து உலையில் போடுகிறவர்களை விட்டுவிட்டு, ஒரு நாற்காலிக்காரியைப் பதுக்கல்காரி ஆக்கினார்கள்.

நாற்காலி எப்போது நிற்கும் என்று தெரியாததால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். நின்றுபோனால் பாத்ரூமுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? தண்ணீர் இல்லாமல் தொண்டை காய்ந்தது. காய்ந்த தொண்டையில் ஆத்திரம் இருமலாக வந்தது. இயக்குநர் ஜெரால்டிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கிளைமாக்ஸ், அன்றைக்கும் இந்தக் கூத்து நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று. இந்தத் தொழிலில் ஒரு தடவை வேறு ஆளைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பவர்கள் தம்பி குற்றாலிங்கமும் அவன் மனைவி சுபாவும். லிங்கம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. காஞ்சிபுரம், வேலூர் என்று காரை எடுத்துக்கொண்டு டாக்டர்களைப் பார்க்கச் சுற்றுகிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து இத்தனை வருஷமாகியும், அக்காளும் தம்பியும் சண்டை போட்டால் ஊர்ப் பேச்சுதான் வரும். நாற்காலி விஷயத்தில் லிங்கம் அவளைவிட அதிகமாகக் குதித்தான்.

"இவனுவ வெளங்குவானுவளா? ஒரு பொம்பளை உக்காந்திருக்கது தெரியல, கரண்டு மட்டும் தெரியுது. நீ இரு அக்கா, நான் நேர்ல போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

போகவும் போனான். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"கல்லுல நார் உரிக்கலாம்க்கா, அவனுவகிட்ட ஒண்ணும் நடக்காது. விதி விதின்னு அதையே சொல்லுதானுவ. நீ போயி அலையாத. வீணா மனசுதான் கெட்டுப் போகும்."

தம்பி தனக்காகப் போய் மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. சுபாவிடம் சொல்லி அவனுக்கு ஆப்பம் சுடச் சொன்னாள். தேங்காய்ப்பாலில் ஏலக்காய் அதிகம் போடச் சொன்னாள்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், தம்பி கிளம்பிப் போன பிறகு, தாழ்தளப் பேருந்தில் நாற்காலியோடு ஏறி, அவளே வாரியத்துக்குப் போய்விட்டாள். ஐப்பசி மழை. வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாத நாளில் மத்தியானமே உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். வரிசையில் இருந்தபடியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

கவுண்டரில் இருந்த அம்மாளின் பெயர்ப் பலகையில் நித்தியகல்யாணி என்று இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு, களைத்த முகம்.

"என்ன மேடம், ஏன் ஆடிக்கிட்டே இருக்கீங்க? தலை சுத்துது."

"ஆடாம இருந்தா உங்க தரை என்னை உறிஞ்சிரும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இருக்கையில எடை இருந்தா ஆள் இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாதா? இவ்வளவு பெரிய வாரியத்துக்கு அதுகூடத் தெரியாதா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் மேடம் வெச்சிருந்தோம். என்ன செஞ்சாங்க தெரியுமா? ஸ்கூட்டர் சீட்டுல அரிசி மூட்டையைத் தூக்கி வெச்சிட்டாங்க. கார்ல மணல் மூட்டைக்கு பெல்ட்டு போட்டு உக்கார வெச்சாங்க. ஊருல பாதி வண்டியில ஆள் இருக்கறதா கணக்கு, அத்தனையும் மூட்டை. ஆஸ்பத்திரிக்குக் கரண்டு பத்தலை. அதனால எடை பாக்கறதையே எடுத்துட்டாங்க."

"எவனோ மூட்டை வெச்சதுக்கு நான் மூட்டையாகணுமா?"

"அதுக்குத்தான் மேடம் உங்களை மாதிரி இருக்கறவங்களுக்கு விலக்கு உண்டு. ஒரு மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஒரு பேட்டரி. அதை நாங்க தொடவே மாட்டோம். உங்க அட்டையைக் காட்டுங்க."

செண்பகம் ஒரு கணம் ஆடுவதையே மறந்துவிட்டாள். விலக்கு உண்டா? அப்படியானால் இத்தனை நாள் பட்டதெல்லாம் எதற்கு? அட்டையைக் காட்டினாள். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சே மேடம்."

"எதுக்குக் குடுத்தீங்க?"

"உங்க காருக்கு."

"எனக்கு ஏதும்மா காரு?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. கார் இருந்தது. அவள் பெயரில்தான் இருந்தது. ஊனமுற்றவர் பெயரில் வாங்கினால் வரி கம்மி என்று லிங்கம் சொல்ல, "தம்பிக்குத்தானே" என்று அவளும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஊரில் நடக்காததா? நாற்காலி உள்ள வீட்டில் எல்லாம் ஒரு கார் அப்படித்தான் நிற்கிறது. எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்றைக்கு அவளை முன்சீட்டில் தூக்கி வைத்து படம் எடுத்தார்கள். அத்தோடு சரி. அந்தக் காருக்குள் அவளுடைய நாற்காலி நுழையாது.

"அக்கா!"

லிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றான். சுபா போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சட்டையெல்லாம் மழை.

"உன்னைய அலையாதன்னு சொன்னேன்லாக்கா? வா, போவோம். நான் பாத்துக்கிடுதேன்."

அவனைக் கண்டதும் நித்தியகல்யாணி அம்மாளின் முகம் தெளிந்தது. "இதோ, சார் வந்துட்டாரே. சார்கிட்ட போன வாரமே விவரமா சொன்னேனே மேடம். கார்ல இருந்து விலக்கை எடுத்தா நாற்காலிக்கு உடனே மாத்திடலாம், ஒரு நிமிஷ வேலைன்னு. யோசிச்சுட்டு வர்றேன்னு போனாரு."

செண்பகம் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"போன வாரமே தெரியுமாலே உனக்கு?"

"அக்கா, இங்க வச்சு வேண்டாம்..."

"ஆப்பம் தின்னியே. தெரிஞ்சுதான் தின்னியா?"

"அப்பிடி இல்லக்கா. காரு வாங்கும்போது டீலர்தான் விலக்கும் சேத்து எழுதிக் குடுத்தான். அன்னைக்கு உன் நாற்காலியில இந்த பேட்டரியே கெடையாதே? நான் வேணும்னா செஞ்சேன்?"

"அன்னைக்கு வேணும்னு செய்யல. போன வாரம்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "என் பொழப்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருக்கா. டாக்டருங்க பாக்க விடுததே சாயங்காலம்தான். ஒவ்வொரு கிளினிக் வாசல்லயும் காரைப் போட்டுட்டு உள்ள காத்துக் கெடக்கணும். வெளிய வந்து பாத்தா காரு செத்துக் கெடந்தா, அடுத்த டாக்டரை எப்பிடிப் பாக்க? உனக்குன்னா நாங்க இருக்கோம். நான் இருக்கேன், சுபா இருக்கா, ஸ்டுடியோவுல ஆளுக இருக்கு. நின்னுட்டாலும் தூக்கிட்டு வர ஆள் இருக்கு. என்னைத் தூக்க யாரு இருக்கா, சொல்லு?"

அவ்வளவுதான். எத்தனையோ கதாநாயகிகளுக்குக் கொடுத்த கோபம் அவளிடம் அவளுக்கென்று கொஞ்சம் மிச்சமிருந்தது.

"தூக்கிட்டு வர ஆள் இருக்கா? எவன் எவன் எங்க எங்க கை வச்சுத் தூக்குதான்னு உனக்குத் தெரியுமாலே? மத்தியானத்துல இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம மைக் முன்னால உக்காந்திருக்கேன், எதுக்குன்னு கேட்டியா? எவனும் என்னைத் தூக்கக் கூடாதுன்னுதான்லே இந்த நாற்காலி! சின்னப் பிள்ளையில இருந்து அதுக்குத்தானே ஒவ்வொருத்தன் கையைக் காலைப் பிடிச்சேன்! அந்த அரிசி மூட்டை வச்சானே, அவனாவது மூட்டையை வச்சான். நீ என்னையே மூட்டையா வச்சிருக்கே."

"அக்கா, மெதுவா..."

"மெதுவா பேசுத சோலியே எனக்கு இல்ல."

கவுண்டர் அம்மாள் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் யாரோ "ம்" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்கிய நேரத்தில், சமயம் தெரியாமல் நாற்காலி வாயைத் திறந்தது.

"உங்கள் வாகனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஊருக்கு ஒளி தந்ததற்கு நன்றி."

"வாயை மூடு, சனியனே!" என்று கைப்பிடியை ஒரு குத்து விட்டாள். நாற்காலி அரையடி முன்னே பாய்ந்து கவுண்டரில் இடித்து நின்றது. நித்தியகல்யாணி அம்மாளின் டீ டம்ளர் ஆடியது. அதை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோலக் கேட்டார்.

"மாத்திடட்டுமா மேடம்? நீங்க சம்மதம்னு வாயால சொன்னாப் போதும், பதிவாயிடும். இன்னைக்கே அமலுக்கு வந்துடும்."

லிங்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளை முதுகில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். அதற்காக அவனை அவள் இன்றுவரை எதற்கும் குறை சொன்னதில்லை. அதையெல்லாம் நினைக்க நினைக்க அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் ஏறிக்கொண்டு வந்தது.

"சம்மதம்" என்றாள், மைக்குக்குப் பேசுகிற சுத்தத்தில்.

"அக்கா, நாளைக்கு வேலூரு லைனுக்கா" என்று அவன் அலறினான். "ராணிப்பேட்டை, ஆற்காடு எல்லாம் போகணும். காரு நடுவழியில நின்னுட்டா நான் என்னக்கா செய்ய?"

"நின்னா எறங்கி நடலே" என்றாள் செண்பகவல்லி. "உனக்குத்தான் காலு இருக்குல்லா."